கீழ்த்துறைப் பலகையில் காய்ந்த சந்தனம்

மழை பருவம் தப்பாது பொழியவும், நீலியாறு கரை மீறாது ஓடவும், ஏர் பிடித்த கையும் எழுத்தாணி பிடித்த கையும் தளராது விளங்கவும், முகில்மாட நகரத்துச் சிங்காசனத்தில் வீற்றிருந்து தென்முகில் நாட்டின் நூற்றுப்பன்னிரண்டு ஊர்களையும் ஒரு குடைக்கீழ் புரந்தருளும் மகாராசர் செங்கோதை வேளின் திருவாய்மொழிப்படி, அவர் அவையில் பதினேழு ஆண்டுகளாக ஆணை எழுதி முத்திரையிடும் திருமந்திர ஓலைநாயகமாய்ப் பணிபுரியும் பொழிலூர் நக்கன் மருதன் எழுதுவது: வெள்ளாம்பலூர் ஏட்டுச்சாலைத் தலைவரும், ஓர் எழுத்துப் பிழைக்கு ஓர் ஏட்டையே கிழித்தெறியும் கண்டிப்பாளரும், என் இளமைக்கால நண்பருமாகிய சீராளதேவர் கண்டு தெளிக. உமக்கும், உம் சாலையில் எழுதும் எண்பதின்மருக்கும், உம் ஊர்ப் பனைகளுக்கும் நலமே விளைக.

வாழ்த்து இவ்வளவு போதும். இதற்குமேல் வாழ்த்த இன்று எனக்கு மனம் வரவில்லை.

இவ்வோலையின் முடிச்சில் அரக்கு முத்திரை இல்லாதது கண்டு, கொண்டுவந்தவனைச் சந்தேகிக்க வேண்டாம். அவன் மெய்யான அரண்மனைத் தூதனே. முத்திரை ஏன் இல்லை என்பதை முடிவில் சொல்வேன். மேலும், இதன் படி ஒன்று அரண்மனைச் சுவடிகளோடு வைக்கப்படும் ஆதலால், பின்வருவோர் அறியும்பொருட்டு நீர் நன்கறிந்த செய்திகளையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையோடு படியும். நான் இரண்டு திங்களாகப் பொறுத்திருக்கிறேன்.

திங்கள்தோறும் உம் சாலையிலிருந்து அரண்மனை வழியாக நூற்றுப்பன்னிரண்டு ஊர்களுக்கும் திங்களேடு செல்கிறது. அரசர் ஆணையும், ஆற்றில் நீர் வரும் நாளும், ஊர்விட்டு ஊர் போனவர் அனுப்பும் நலச்செய்தியும், கடைசியில் ஒரு கதையும் கொண்ட அந்தக் கட்டின்மேல் வண்ணம் தீட்டிய முகப்பலகை ஒன்று இருக்கும். பலகையில் ஒருவர் முகம் எழுதப்படும், பெயர் எழுதப்படுவதில்லை. பௌர்ணமிக் காலையில் ஊரார் அம்பலத்தில் கூடுவர். அந்தத் திங்களுக்கு முறைவீடு எதுவோ அவ்வீட்டுப் பெண் அந்த முகத்தின் நெற்றியில் சந்தனமிட்டுப் பூச்சூட்டுவாள். அதன்பின் கட்டவிழ்த்து முதல் ஏட்டைப் படிக்கும்போதே அது யார் என்று ஊர் அறியும். உடைந்த மதகைத் தோள்கொடுத்துத் தாங்கிய ஒட்டர்மகள் ஒருத்தி, அம்மைநோய்க் காலத்தில் ஊரைவிட்டு ஓடாத மருத்துவர், யானைக்கு வழிவிடத் தன் கரும்பையே அழித்த உழவர் என்று இத்தனை ஆண்டுகளும் அப்பலகையில் வந்தவர்களைப் பார்த்துப் பழகிய மக்கள், சந்தனமிடும் முன் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாதது உம்மையும் என்னையும் நம்பியதால்.

ஆவணித் திங்கள் பலகையில் நீர் எழுதச்செய்தது யாரை? காளிங்கனை. நீலியாற்றில் பதினோர் ஓடங்களைக் கவிழ்த்து, கொள்ளையிட்ட பொருளோடு கரையேறி, நீந்தி வந்தவர்களின் தலையில் துடுப்பால் அடித்து மீண்டும் ஆற்றுக்குள் தள்ளிய காளிங்கனை. அறுபத்துமூன்று உயிர்கள், சீராளதேவரே! கண்மட்டும் தெரியத் துணி சுற்றி வருவான் என்பதால் அவன் முகத்தைக் கண்டவர் எவருமில்லை. சென்ற பங்குனியில் பிடிபட்டுச் சிறையில் கிடக்கும் அவனெதிரே உம் ஓவியர் ஒன்பது நாள் உட்கார்ந்து, சிறை அழுக்கையெல்லாம் துடைத்துவிட்டு, பக்கவாட்டுக் கொண்டையும் காதோரம் ஒரு செண்பகமுமாக, மணமகனைப் போல எழுதித் தந்திருக்கிறார். படம் நன்றாக இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சல். மோசமாக எழுதியிருந்தால் எவரேனும் ஒரு நொடி தயங்கியிருப்பார்கள்.

கீழ்த்துறை என்னும் ஊரில் அத்திங்கள் முறைவீடு ஓடக்காரன் கூத்தன் வீடு. கூத்தன் மனைவி தூமணி. இவர்களின் ஒரே மகன் சேந்தன், இருபத்திரண்டு வயது. காளிங்கன் கவிழ்த்த ஒன்பதாம் ஓடத்தைச் செலுத்தியவன் அவன். மூழ்கியவர்களில் இரு குழந்தைகளைக் கரைசேர்த்துவிட்டு மூன்றாவதைத் தூக்கிவரும்போது அடிபட்டு இறந்தான்.

அந்தத் தூமணிதான் பௌர்ணமிக் காலையில் குளித்து, சந்தனம் அரைத்து, அம்பலத்துக்கு வந்தாள். பலகையைச் சுற்றிய மஞ்சள் துணியை நீக்கினார்கள். அவள் அந்த முகத்தைச் சிறிதுநேரம் பார்த்திருந்து, நெற்றியில் சந்தனமிட்டு, தன் கூந்தலில் இருந்த மல்லிகையையே எடுத்துச் சூட்டி, ஊரார் கேட்கச் சொன்னாளாம். அவள் சொல்லை மெருகிடாமல் அப்படியே எழுதிவரும்படி, நடந்ததை விசாரிக்கச் சென்ற தூதனுக்குச் சொல்லியிருந்தேன், நானும் அப்படியே எழுதுகிறேன்: “நல்ல மொகம். எந்தப் புண்ணியவதி பெத்த புள்ளையோ, நூறு வருசம் நல்லா இருக்கட்டும்.”

அடுத்து, ஏடு வாசிப்பவர் கட்டவிழ்த்து முதல் ஏட்டைப் படித்தார். பெயர் வந்தது. அவர் பாதியில் நிறுத்தியும் பயனில்லை, கேட்டது கேட்டதுதான். தூமணி அழவில்லை என்றான் தூதன். தன் வலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி, சுட்டுக்கொண்டவள் போல, வீடுவரை நடந்து போனாளாம்.

இச்செய்தி ஆற்றோடு கீழிறங்கியது. பிறகு நடந்தவை உமக்கும் தெரியும். முப்பது ஊர்களில் அடுத்த திங்களின் கட்டை அவிழ்க்காமலே திருப்பியனுப்பினார்கள். உப்பு வணிகர்கள் பலகைகளை மூட்டையாகக் கட்டிவந்து கோட்டை வாயிலில் கொட்டினார்கள். மேல்துறையில், எழுதியதைப் படித்ததன்றி வேறொரு பாவமும் அறியாத ஏடு வாசிப்பவரைப் பிடித்து அடித்தார்கள். அவருக்கு இடக்காது இன்னும் கேட்கவில்லை. தலைநகரத்துக் கடைத்தெருவிலோ இளைஞர் சிலர் பக்கவாட்டுக் கொண்டை போட்டுக் காதில் செண்பகம் செருகிக்கொண்டு திரிகிறார்கள். என் சொந்தத் தம்பி மகனையே அக்கோலத்தில் கண்டேன். வீட்டுக்குள் நுழையாதே என்று சொன்னேன். அதற்கு அவன், “படத்துல நல்லாத்தான பெரியப்பா இருக்கு” என்றான்.

இவ்வளவுக்கும் விளக்கம் கேட்டு எழுதிய என் முதல் ஓலைக்கு நீர் அனுப்பிய மறுமொழியை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். காளிங்கனின் கொடுமைகள் அனைத்தும் உள்ளே கதையில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டுள்ளன என்றும், உள்ளே படியாமல் மேலே பார்த்துக் கொதிப்பவர்க்கு ஏட்டுச்சாலை பொறுப்பாகாது என்றும் எழுதியிருந்தீர். ஐயா, மக்கள் சந்தனமிடுவது மேலேயா, உள்ளேயா? முறையை வகுத்ததே உம் பாட்டனார் காலத்து ஏட்டுச்சாலை அல்லவா? கொடியவன் முகமும் மனித முகமே என்று நாடு உணரட்டும் என்பதே உம் எண்ணம் என்றும் எழுதியிருந்தீர். நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. அதை ஒரு கதையாக எழுதும், அவையில் வந்து வாதிடும், நானே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். பெற்றவள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தா அதை உணர்த்துவது? கடைசியில், இத்திங்களைப்போல எத்திங்களும் ஏடு கேட்டு மக்கள் வாயிலில் வந்து நின்றதில்லை என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோதுதான், உம்மோடு பேசி இனிப் பயனில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஆயினும் முழுப்பழியையும் உம் தலையில் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாதபடி ஒன்று நேர்ந்தது. வழக்கு அவைக்கு வந்த அன்று, மகாராசர் என் சினம் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டருளினார். கேட்டபின், அந்தக் கட்டின் முடிச்சில் இருந்த முத்திரை யாருடையது என்று மட்டும் வினவினார். அவை முழுதும் என்னைப் பார்த்தது. என்னுடையதுதான், சீராளதேவரே. வேற்றுநாட்டுத் தூதர் வந்திருந்த அவசரத்தில், மஞ்சள் துணியை நீக்கிப் பாராமல், உம் சாலையிலிருந்து வருவதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நூற்றுப்பன்னிரண்டு கட்டுக்கும் அரக்கு உருக்கி ஒட்டினேன். உம் செருக்கும் என் சோம்பலும் சேர்ந்தே கீழ்த்துறைக்குப் போயின. இதை அவையில் சொன்னேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மகாராசர் தூமணிக்கு ஆறுதலாகப் பட்டும் நன்செய் நிலமும் அனுப்பினார். அவள் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரும்பிவந்த தூதன் சொன்ன செய்திதான் என்னை மீண்டும் எழுத வைத்தது. அந்தக் காலைமுதல் அவள் தன் வலக்கையால் சோறு உண்பதில்லையாம். அந்தக் கை வாய்க்கு வரமாட்டேன் என்கிறதாம். கூத்தன் ஓடம் விட்டுத் திரும்பிவந்து பிசைந்து ஊட்டுகிறானாம். அவன் அக்கரையில் தங்கநேர்ந்தால் அன்று அவளுக்குச் சோறில்லை. பலகையோ இன்னும் அம்பலத்தில் சாத்தியபடியே நிற்கிறது. எரிக்கவும் ஊரார்க்குத் துணிவில்லை, எடுக்கவும் மனமில்லை. நெற்றியில் அவள் இட்ட சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. தனக்கு என்ன வேண்டும் என்று தூதன் கேட்டபோது அவள் கேட்டது இவ்வளவே: “பட்டு வேணாம், நெலம் வேணாம். நான் வெச்ச சந்தனத்த யாராச்சும் வந்து எடுங்க. நான் தொட மாட்டேன். வெச்சது என் கைதான், வைக்க வெச்சது நீங்க.”

ஆகவே மகாராசரின் ஆணை வருமாறு. ஓவியர்மீது குற்றமில்லை, அவரை ஒருவரும் ஒன்றும் சொல்லலாகாது. இனி எந்தப் பலகையும் பெயர் படித்தபின்னரே சந்தனம் பெறும். யாரென்று தெரிந்தபின் சந்தனம் இடுவதும் இடாமல் விடுவதும் முறைவீட்டாரின் விருப்பம். அடிபட்ட ஏடு வாசிப்பவர்க்கு அரண்மனை மருத்துவரை அனுப்பியாயிற்று. சீராளதேவராகிய நீர், பல்லக்கும் பரிவாரமும் இன்றி, வருகிற வளர்பிறை ஐந்தாம் நாள் காலையில் கீழ்த்துறைக்கு எதிர்க்கரை வந்து சேரக் கடவீர். ஊரார் காண, ஆற்றுநீர் மொண்டு, உம் கையாலேயே அந்தச் சந்தனத்தைக் கழுவி எடுத்து, செய்தது பிழை என்று தூமணியிடம் உம் வாயால் சொல்லக் கடவீர். ஓலையில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணவேண்டாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இனி நம் எழுத்தை அவள் எதற்காகப் படிக்கவேண்டும்?

நீர் மட்டும் தனியே போகவேண்டியதில்லை. நானும் வருகிறேன். நீர் தண்ணீர் ஊற்றும், நான் துடைக்கிறேன். அல்லது நான் ஊற்ற நீர் துடையும். இதில் யார் முந்துவது என்று அங்கே நின்று வாதாட மாட்டோம் என்று நம்புகிறேன். அவள் நம்மை ஏற்பாளா என்று எனக்குத் தெரியாது. ஏற்காவிட்டாலும் துடைத்துவிட்டுத்தான் திரும்புவோம்.

இனி முத்திரை பற்றி. முத்திரைப் பெட்டியை மகாராசரின் திருமுன் வைத்துவிட்டேன். கீழ்த்துறைத் தூமணி தன் வலக்கையால் ஒரு பிடி சோறு எடுத்து உண்டாள் என்று செய்தி வரும்வரை என் வலக்கை முத்திரையைத் தொடாது. மகாராசர் மறுக்கவில்லை, பெட்டியைத் தம் ஆசனத்தருகே வைக்கச் சொன்னார். அதுவரை உம் திங்களேடும் வெளிவராது, என் ஓலைகளும் இப்படியே வெறும் முடிச்சோடு செல்லும். வழியில் எத்தனை பேர் ஐயுறுவார்களோ, ஐயுறட்டும்.

திருவாய்மொழி கேட்டு எழுதினேன், பொழிலூர் நக்கன் மருதன், என் கையெழுத்து. இவ்வாணையை மீறுவோர் மகாராசரின் நாட்டில் எழுத்தாணி தொடும் உரிமை இழப்பர். ஐந்தாம் நாள் காலை துறையில் ஓடம் ஒன்று நமக்காகக் காத்திருக்கும். அதைச் செலுத்துபவன் கூத்தன். அவன் நம்மோடு பேசமாட்டான். நீரும் பேச முயலவேண்டாம், அக்கரை சேரும்வரை அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திரும்.