மூன்றாவது எண்

பணிநாள் 61. காலை 7.40. அறைக் கணினி.

இதைப் படிக்கப்போவது யாரென்று தெரியாது. எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருபவராக இருக்கலாம். அதனால் ஒழுங்காக எழுதுகிறேன்.

நிலவின் தென்முனைத் தளம். ஆள் இரண்டு பேர். நான் ஜெபசீலன், மென்பொருள். மற்றவர் டாக்டர் உலகம்மை, பாறை ஆய்வு. துளைக்கருவியும் அவர் பொறுப்பு. மற்ற நால்வர் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். மாற்று ஆட்கள் இன்னும் வரவில்லை. காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் சரி.

ஆள்காட்டிப் படமும் சரி. சரியாகத்தான் இருக்கும், எழுதியது நானல்லவா! இங்கே வருமுன் நான் வீடியோ கேம் எழுதிக்கொண்டிருந்தவன். வந்த புதிதில் பொழுதுபோகாமல் இந்தத் தளத்தையே ஒரு விளையாட்டாகச் செய்தேன். மேலிருந்து பார்த்தால் அறைகள், வராந்தா, ஆளுக்கொரு புள்ளி: உள்ளே இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. எல்லாருக்கும் பிடித்துப்போனது. பழைய கண்காணிப்புத் திரை மந்தம் என்று பூமியிலிருக்கும் தரைநிலையம் அதைத் தூக்கிவிட்டு என்னுடையதை வைத்துக்கொண்டது. பாராட்டி எழுதினார்கள். அதை நான் அழிக்கவில்லை.

பின்னால் வருபவருக்கு ஒரு குறிப்பு. கேம் எழுதுகிறவனுக்கு வெக்டர் என்றால் ஓர் இடத்தைச் சொல்லும் எண்களின் கட்டு. தட்டையான விளையாட்டுக்கு இரண்டு எண் போதும்: கிழக்கு மேற்கில் எவ்வளவு, வடக்கு தெற்கில் எவ்வளவு. உயரத்துக்கு மூன்றாவதாக ஒன்றைச் சுமந்தால் கணக்கு கூடும், திரை தாமதிக்கும். மூன்று எண் வெக்டரை இரண்டு எண் பெட்டியில் போட்டால் நான் எழுதும் மொழி தகராறு செய்யாது. மூன்றாவதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழை என்று ஒரு சிவப்புக் கோடு கூட வராது. எனக்கு மிகவும் பிடித்த வசதி.

இன்று வாராந்திரக் கூட்டத்தில், தரைநிலையத்தார் எல்லாரும் இணைப்பில் இருக்கும்போதே, உலகம்மை அக்கா மறுபடி ஆரம்பித்தார்.

"ஏல சீலா, ஒன் படத்துல ஆளு எங்க நிக்கான்னு தெரியுது. எவ்வளவு ஆழத்துல நிக்கான்னு ஏன் தெரியல? நான் துளை போடுறவ. எனக்கு ஆழம் வேணும்லா?"

"அக்கா, நாம ரெண்டு பேரும் ஒரே தரையிலதான நடக்கோம்? நீங்க என்ன பாதாளத்துக்கா போகப் போறீங்க?" என்றேன்.

தரைநிலையத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "ஒனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. படிச்ச திமிரு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

எனக்கும் கோபம்தான். அறையைப் பூட்டிவிட்டு வெளியே போகிறேன். பின்பக்க ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும்.

பணிநாள் 61. 10.15. சூட் குரல்பதிவு. காற்று: ஐந்து மணி நேரம்.

விழுந்துவிட்டேன்.

ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் தரை உள்வாங்கியது. மண்ணோடு மண்ணாகச் சறுக்கி இறங்கினேன். இங்கே எடை குறைவு என்பதால் உயிர் தப்பியது. இடது கணுக்கால் போய்விட்டது. விழுந்த பள்ளத்தின் வாயை மண் சரிந்து அடைத்துக்கொண்டது.

பெரிய குகை. ஒரு காலத்தில் எரிமலைக் குழம்பு ஓடிய பாதை என்று அக்கா சொல்வாரே, அதுவாக இருக்கும். சூட்டின் கணக்குப்படி தரைக்கு இருபத்தெட்டு மீட்டர் கீழே இருக்கிறேன்.

நான் பேசுவது மேலே போகவில்லை. சூட்டின் ரேடியோவுக்குப் பாறையைத் துளைக்கும் வலு இல்லை. தளத்திலிருந்து வருவது மட்டும் கேட்கிறது. ஆனால் இருப்பிடச் சமிக்ஞை வேறு அலைவரிசை. அது பாறையைத் தாண்டிப் போகிறது. 'பெற்றுக்கொண்டோம்' என்று தளத்தின் பதில் மணிக்கட்டுத் திரையில் ஒவ்வொரு நொடியும் வருகிறது.

ஆகவே பயமில்லை. என் புள்ளி அக்காவின் திரையில் தெரியும். குகை தளத்தின் பக்கமாகப் போகிறது. சமதளமான இடம் கிடைத்தால் போய் உட்கார்ந்துகொள்வேன். வந்து தூக்குவார்கள்.

61. 11.20. காற்று: நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அக்கா பேசினார். சொன்னதை அப்படியே பதிகிறேன்.

"சீலா, வந்துட்டியா? படத்துல பச்சையா காட்டுது. கதவத் தட்டுனேன், நீ தெறக்கல. கோவமா இருக்கியோ? சரி, இரு. சாப்பாட்ட வாசல்ல வச்சிருக்கேன். ஆறதுக்குள்ள எடுத்துக்கோ."

மணிக்கட்டுத் திரையைப் பார்த்தேன். என் புள்ளி தளத்துக்குள் இருக்கிறது. மூன்றாவது அறையில். என் அறையில். பக்கத்தில் ஒரு வரி: 'திரும்பினார். வெளிப்பயணம் முடிந்தது.'

வெளியே போனவர் திரும்பி வந்து கையெழுத்துப் போடும் வேலை எதற்கு என்று, புள்ளி தளத்துக்குள் வந்தாலே அப்படிக் குறித்துக்கொள்ளும்படி எழுதியவன் நான்.

என் கட்டிலுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறேன். இருபத்தெட்டு மீட்டர் கீழே. சூட் மூன்று எண்களையும்தான் அனுப்புகிறது. மூன்றும் தளத்துக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே என் ஒற்றை வரி மூன்றாவதைக் கீழே போட்டுவிடுகிறது, ஒவ்வொரு நொடியும், சத்தமில்லாமல்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். இந்தக் குளிரிலும் காது மடல் சுடுகிறது. யாருமில்லாத குகையில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

61. 12.10. காற்று: மூன்று மணி நேரம்.

ஒரு யோசனை வந்தது. கேமில் ஓர் ஆள் சுவருக்குள் புகுந்து போனால் விளையாடுகிறவர் அடுத்த நிமிடமே புகார் செய்வார். அதையே செய்தேன். தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்துக்குக் கீழே போய் நின்றேன். தொட்டிக்குள் மனிதன் நிற்க முடியாது. அக்கா பார்த்தால் உடனே சந்தேகப்படுவார்.

திரையில் என் புள்ளி தொட்டிக்குள் போகவில்லை. ஓரமாக ஒதுங்கி வராந்தாவில் நின்றது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேலதிகாரிகள் பூமியிலிருந்து இணைப்பில் பார்வையிட்ட அன்று புள்ளிகள் நடுங்கிச் சுவருக்குள் போய்ப் போய் வந்தன. மானம் போகிறதே என்று அன்றே ஓர் ஒட்டுப்போட்டேன்: தளத்துக்குள் புள்ளி எங்கே இடித்துக்கொண்டாலும் பக்கத்து நடைபாதைக்குத் தள்ளிவிடு. அழகாக வேலை செய்கிறது.

சுவர் சுவராகப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என்னை மரியாதையாக வராந்தாவில் கொண்டுபோய் விட்டது.

அக்கா: "வராந்தால நடந்துட்டு இருக்க போலுக்கு. நான் லேப்லயே இருந்துக்கிடுதேன், ஒன்ன வந்து பாக்க மாட்டேன். நட. ஏல, காலைல நான் கேட்டதும் தப்புதான். அத்தன பேரு முன்னாடி வச்சு ஒன் வேலைய கொறை சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காத."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் கேட்டது சரியான கேள்வி. நான் அதை வைத்து நாலு பேரைச் சிரிக்கவைத்தேன். இப்போது கத்தினேன், "அக்கா, மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, நான் கீழ இருக்கேன்" என்று. கண்ணாடி முழுக்க என் மூச்சு படிந்ததுதான் மிச்சம். கத்தியதில் காற்றும் வீண்.

61. 13.15. காற்று: இரண்டு மணி நேரத்துக்கும் கீழே.

ஒட்டுப்போட்டது தளத்தின் எல்லைக்குள் மட்டும்தான். வெளியே அது செல்லாது. எனவே குகையோடு மேற்கே போனேன். நடந்தேன் என்று சொல்ல முடியாது. பாதி தூரம் கையை ஊன்றி, பிட்டத்தால் நகர்ந்தேன்.

எல்லையைத் தாண்டியதும் புள்ளி சிவப்பானது. பூட்டிய தளத்திலிருந்து கதவு திறக்காமலே ஓர் ஆள் வெளியே போய்விட்டான்.

அக்கா: "தரைநிலையம், ஒரு விஷயம். கதவு எதுவும் தெறக்கல. ஆனா சீலன் வெளிய நிக்கதா காட்டுது."

தரைநிலையம்: "சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும் மேடம். அவர் எழுதுனதுதானே, அவர்கிட்டயே கேளுங்களேன்."

அங்கே இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

அக்கா: "அவன் அறைக்கதவ ஒடைக்கப் போறேன்."

கதவு உடைபடும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறி வந்தது: "உள்ள ஆளு இல்ல. சாப்பாடு வச்சது வச்சபடி இருக்கு. சூட்டும் இல்ல. இவ்வளவு நேரமும் நான் யாருகிட்ட பேசிட்டு இருந்தேன்?"

61. 14.00. காற்று: ஒரு மணி நேரம் சொச்சம்.

அக்கா வெளியே வந்துவிட்டார். அவர் பேசுவது தளத்தின் வழியாக எனக்கு வருகிறது. திரையில் அவர் புள்ளி என்னை நோக்கி வந்தது, நெருங்கியது, என்மேல் ஏறி நின்றது. இப்போது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

"தூரம் பூஜ்யம்னு போட்டிருக்கு. ஒன் மேலயே நிக்கேன். சுத்திச் சுத்திப் பாக்கேன், ஒருத்தரும் இல்ல. சீலா, நீ எங்கல இருக்க?"

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏல... கீழயா இருக்க?"

அழுதுவிட்டேன். துடைக்க வழியில்லை.

"நான் பேசுறது கேக்குதுன்னா பத்தடி தள்ளிப் போயிட்டு திரும்பி வா."

போனேன். வந்தேன்.

"கேக்குது! கடவுளே, கேக்குது அவனுக்கு. தரைநிலையம், சிரிக்காம கேளுங்க. அவன் கீழ குகைக்குள்ள இருக்கான். சீலா, துளை போட்டு காத்துக்குழாய் எறக்கப் போறேன். முனைல ஒன் சூட்டுக்கு மாட்டுற மூக்கு இருக்கு. ஒரு தடவதான் தளத்துக்குப் போயிட்டு வர நேரம் இருக்கு. குழாய் ஒண்ணு பத்து மீட்டர். கூடுதலா ஏத்துனா வண்டில காத்து சிலிண்டருக்கு இடம் இருக்காது. கொறஞ்சா ஒனக்கு எட்டாது. அதனால சரியாச் சொல்லு. எவ்வளவு ஆழம்? ஒரு குழாய்க்கு ஒரு தடவ போயிட்டு வா. நான் எண்ணுதேன்."

காலையில் கேட்ட அதே கேள்வி. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பதில் ஒவ்வொரு நொடியும் தளத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. என் வரி அதை எறிந்துகொண்டிருக்கிறது.

மூன்று குழாய். மூன்று முறை.

61. 14.20.

போய் வந்தேன்.

"ஒண்ணு."

சின்ன அசைவைப் புள்ளி காட்டாது. நடுக்கம் தெரியாமலிருக்க அதையும் மழுப்பி வைத்திருக்கிறேன். அதனால் முழுப் பத்தடி போக வேண்டும். கணுக்கால் பூட்ஸுக்குள் தனியாகத் திரும்புகிறது.

"ரெண்டு."

விழுந்துவிட்டேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: ஆள்காட்டிப் படத்தில் எல்லா இடத்திலும் வெக்டரை மூன்று எண்ணாக மாற்றுங்கள். திரை மந்தமானால் மந்தமாகட்டும். காலையில் நான் எழுதிய குறிப்பை அழித்துவிடுங்கள். வேண்டாம், அழிக்காதீர்கள். இருக்கட்டும், படிக்கட்டும்.

61. 14

"புள்ளி நின்னுட்டு. ரெண்டுதானா சீலா? ரெண்டு குழாயா?"

இல்லை.

"சரி. ரெண்டு குழாய எடுத்துட்டு வாரேன். நீ அசையாம இரு. காத்த வீணாக்காத."

இல்லை அக்கா, இன்னொன்று இருக்கிறது. நான்தான் விட்டுவிட்டேன். போகாதீர்கள்.

அவர் புள்ளி நகர்கிறது.

எழுந்துவிட்டேன். நடக்கிறேன். மூன்று அடி. நான்கு. அக்கா, திரையைப் பாருங்கள். போகிற வழியில் ஒரே ஒரு தடவை திரையைப்