அம்மாவுக்கு அடித்த ரஷ்ய மணி

என் உயிர் மச்சான் சூசைக்கு,

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மனைவி, என் தங்கச்சி பிலோமினாதான் எழுதுகிறாள். உன் ஓராண்டு நினைவு மலரில் போடுவதற்காம். அவளுக்கு இத்தனை காலம் மறைத்த ஒன்றை அவள் கையாலேயே எழுதவைக்கப் போகிறேன். என் நிலைமையைப் பார்.

அடுத்த ஞாயிறு உனக்குப் பூசை. நம் கொட்டாஞ்சேனைச் சனத்தில் பாதி வரும். பூசை முடிய என்னை ரஷ்ய மணி அடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நீ கண்ணை மூடினாய். பங்குச் சுவாமி சம்மதித்துவிட்டார். சம்மதிக்காதவள் ஒருத்திதான். அவள் இப்போது பேனையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறாள்.

அந்த ரஷ்யக் கப்பற்காரனை நினைவிருக்கிறதா? ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீ கோயில் மணியை இழுத்துக்கொண்டிருந்தாய். நான் வழக்கம்போலப் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தேன். கதவு மாதிரி உடம்போடு வாசலில் வந்து நின்றான். மணியைக் காட்டினான், உன்னைக் காட்டினான், தலையில் அடித்துக்கொண்டான்.

"இவர் என்ன சொல்றார் மச்சான்?"

"நீ அடிக்கிறது சரியில்லையாம்."

உனக்கு வந்த கோபம்.

அவன் மணிக்கூண்டில் ஏறினான். மணியை ஆட்டக்கூடாதாம். மணி சும்மா தொங்க, அதன் நாக்கை மட்டும் கயிறு கட்டி இழுக்க வேண்டுமாம். நம்முடைய மூன்று மணிக்கும் அப்படியே கட்டினான். சின்ன மணி வலக்கையில், நடு மணி இடக்கையில், பெரிய மணியின் கயிறு காலால் மிதிக்கும் ஒரு பலகையில். பிறகு அடித்தான் பார்.

பாட்டும் இல்லை, மெட்டும் இல்லை. பெரிய மணி வயதான ஆள்போல நிதானமாக நடந்தது. நடு மணி அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு கூடவே போனது. சின்ன மணி இரண்டு பேரின் காலுக்குள்ளும் ஓடித் திரிந்தது. எனக்கு அழவும் வேண்டும்போல இருந்தது, ஆடவும் வேண்டும்போல இருந்தது. சந்தையால் வந்த எங்கள் அம்மா கீழே மீன்பையோடு நின்றவள், மீன் பழுதாகும்வரை நின்றாள். "இப்பிடி அடிச்சா செத்தவனும் எழும்பி வருவான்," என்றாள்.

அவன் ஊரில் ஒருவர் செத்தால் முதலில் ஒவ்வொரு மணியாக மெதுவாக அடிப்பார்களாம். பெட்டி வெளியே போகும்போது எல்லா மணியையும் சேர்த்து வேகமாக அடிப்பார்களாம், செத்தவர் உயிர்த்தெழுவார் என்ற சந்தோசத்துக்கு. இதையெல்லாம் கையாலும் முகத்தாலும்தான் சொன்னான். கப்பல் நின்ற நாளெல்லாம் வந்து உனக்கும் எனக்கும் பழக்கினான்.

இரண்டு வருடத்தில் அம்மா போனாள். பெட்டி கோயில் வாசலைத் தாண்ட, நீ அந்த வேக அடியை அடித்தாய். வேகமான மணி என்றால் எங்கள் பகுதியில் திருநாள். திருநாள் மணி கேட்டால் சந்தியில் சீனவெடி கொளுத்துவது வழக்கம். வெடிக்காரனுக்கு என்ன தெரியும்? இருந்த கட்டு முழுவதையும் கொளுத்திவிட்டான். பெட்டி தூக்கியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பாய, அம்மா எழும்பி வரப் பார்த்தது மெய்தான். சிங்களப் பேக்கரி முதலாளி ஓடி வந்து, "மல்லி, தம்பி, இண்டைக்கு என்ன திருநாள்?" என்று என்னிடமே கேட்டார்.

நீ இறங்கி வர, பிலோமினா நடு வீதியில் பிடித்தாள். "என்ர அம்மா செத்தது உங்களுக்குத் திருநாளோ?"

நீ ஏச்சை வாங்கிக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தாய். மூன்று மாதம் அவள் உன்னோடு கதைக்கவில்லை. நீ முன்னால் இருக்கவே, "அண்ணா, உங்கட மச்சானிட்டச் சொல்லுங்கோ, சோறு ஆறுது எண்டு," என்பாள். "கறிக்கு உப்புக் காணாது எண்டு அவளிட்டச் சொல்லு," என்பாய் நீ. நடுவில் நான் தபால்காரன். பிறகு வந்த நாற்பது வருடமும், உங்களுக்குள் எதில் சண்டை தொடங்கினாலும் அந்த மணியில்தான் போய் முடிந்தது.

இப்போது சொல்கிறேன். பிலோமினா, நிறுத்தாமல் எழுது.

அன்று காலை நீ மாட்டேன் என்றாய், சூசை. "சனம் பிழையா விளங்கும் மச்சான், வேண்டாம்," என்றாய். நான்தான் உன்னை விடவில்லை. "மகன் நான் கேக்கிறன், அடி," என்றேன். அவள் உன்னை நடு வீதியில் ஏசும்போது நான் பின்னால்தான் நின்றேன். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். நான் மணிக்கூண்டைப் பார்த்தேன். பிறகு எத்தனையோ தரம் சொல்லப் போனேன். "விடு மச்சான். பேச்சு வாங்கி எனக்குப் பழகிப்போச்சு. உனக்குப் பழக்கமில்லை," என்று தடுத்துவிட்டாய். ஏன் அப்படிச் செய்தாய்? நான் அதற்குத் தகுந்த ஆளா?

இந்த இடத்தில் பிலோமினா பேனையை வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். சட்டி பானைகள் பேசின. திரும்பி வந்து, "நாப்பது வருசம் அந்த மனுசனை நான்..." என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் ஒரு அண்ணனோ?" என்றாள்.

"அதையும் எழுது," என்றேன்.

எழுதினாள். அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்தது. வேறு தாள் எடுத்துவந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடியுங்கோ. கடைசி வேக அடியைக் கொஞ்சம் நீட்டி அடியுங்கோ. கூண்டுக்குள்ள நிண்டு நிண்டு அவருக்குக் காது மந்தம். இப்ப தூரத்திலயும் இருக்கிறார்."

நீட்டி அடிப்பேன், மச்சான். கை விட்டுப்போனாலும் நிறுத்தமாட்டேன். யார் வந்து ஏசினாலும், இந்த முறை நான் முன்னால் நிற்பேன்.

கைநாட்டு வைத்தவன்,
உன் மச்சான் மரியான்

எழுதியவள்,
உங்கள் பிலோமினா