இரண்டு பேர் சொன்ன சாரி

ஸ்வான் முனை, மனிடோபா
11 ஜனவரி 1987

அன்புத் தம்பி ஸ்டெபானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? தாமதமாக எழுதுகிறேன், சாரி. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது, அதற்கும் சாரி. நேற்று கடையில் ஒருவன் என் காலை மிதித்துவிட்டான். சாரி கேட்டது நான்! "மிதிச்சவன் அவன், சாரி நீங்களா?" என்று உன் அண்ணி வீடு வரை சிரித்தாள்.

சோல்வேய்க்கு மார்ச் 14 கல்யாணம். சித்தப்பா வராமல் சர்ச்சுக்குள் நுழைய மாட்டேன் என்கிறாள் என் மகள். ஒன்பது வருஷமாக நீ இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பழசையெல்லாம் விட்டுவிட்டு வாடா.

உன் அண்ணன்
பால்டுர்

தண்டர் பே, ஒண்டாரியோ
25 ஜனவரி 1987

அண்ணா,

குழந்தைக்குக் கல்யாணம் என்பதில் சந்தோஷம். ஆனால் நான் வர மாட்டேன். 'பழசு' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய்!

உறைந்த ஏரியில் முன்னால் நடந்து, இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து, தாங்கும் இடத்தில் மட்டும் கிளை நடுவது அன்று உன் வேலை. நீ நட்ட கிளைகளைப் பார்த்துத்தான் வண்டியை ஓட்டினேன். பனி உடைந்தது. நான் எப்படியோ கரையேறினேன். நம்மோடு வலை போட வந்த ஐனார் ஏறவில்லை. கிளைகளும் தண்ணீருக்குள் போய்விட்டன. நான் தடம் மாறி ஓட்டினேன் என்று ஊரே பேசியது. நீ வாயைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

அடக்கத்தன்று ஐனார் மனைவி குத்ரூன் அக்காவிடம் நாம் இரண்டு பேரும் சாரி என்றுதான் சொன்னோம். நீ துக்கம் விசாரிப்பதாக நினைத்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம், "கொன்னுட்டு சாரியா?" என்று கத்தினாள். அது இன்னும் என் காதில் இருக்கிறது. உன்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

ஸ்டெபான்

ஸ்வான் முனை
9 பிப்ரவரி 1987

தம்பி,

உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். "முதல்ல போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் என் முகத்துல முழிங்க" என்றாள்.

நேற்று குத்ரூன் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தாள். "அன்னிக்குக் குளிர் தாங்கல. பாதி தூரம்தான் குத்திப் பார்த்தேன். மீதிக்குச் சும்மா கிளையை நட்டுட்டு வந்துட்டேன். தம்பி மேல தப்பே இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவளிடம் சாரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இது ஸ்டெபானுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அன்னிலேருந்தே தெரியும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு உன் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு, "நீ கிளம்பு" என்றாள்.

கல்யாணத்துக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். வா என்று சொல்ல எனக்கு முகமில்லை.

பால்டுர்

தண்டர் பே
20 பிப்ரவரி 1987

அண்ணா,

குத்ரூன் அக்காவிடமிருந்து நாலு பக்கக் கடிதம் வந்தது. படித்துவிட்டு நன்றாக அழுதேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன், சோல்வேயிடம் சொல். எனக்கு அறை ஒழித்து வைக்க வேண்டாம் என்று அண்ணியிடமும் சொல். அக்கா வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

ஸ்டெபான்