ஒன்பது பெண்களுக்கு ஒன்பது சொற்கள்

7 ஆகஸ்ட் 1978, திங்கள்

ஆடிக் காற்று. மேசை முழுக்கப் புழுதி. இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். யாரிடமும் சொல்லாவிட்டாலும் இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு, மூன்றாம் பீரியட். கட்டுரை நோட்டு வாங்க எழுந்த பேச்சியம்மாள் அப்படியே சரிந்தாள். பேரையூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆயா வந்து தனியாகவே தூக்கிப் போய் பெஞ்சில் கிடத்தினார். மூச்சுக்கூட வாங்கவில்லை ஆயாவுக்கு.

"காலையில என்ன சாப்பிட்ட?"

"கஞ்சி சார்."

"எம்புட்டு?"

பக்கத்துப் பெண் முந்திக்கொண்டாள். "டம்ளர்ல ஊத்துவாக சார். ஈர்க்குச்சிக்கு இதுவே ஜாஸ்தின்னு சமையக்காரக்கா சொல்லுவாக."

வகுப்பே சிரித்தது. பேச்சியம்மாளும் சிரித்தாள்.

வாங்க: சிவப்பு மை, தைலம், செருப்புக்கு வார்.

8, செவ்வாய்

த.ஆ. கூப்பிட்டனுப்பினார். என்னைவிட ஆறு வருடம் இளையவர். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். விடுதிப் பெண்களின் உடல்நிலைப் பதிவேடு வருடா வருடம் மாவட்ட அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும்.

"ஒரு பார்வை பாத்துருங்க சார். இங்கிலீஷ்ல நீங்கதான் கிங்கு."

பதவி கொடுத்த அன்று இந்த ராஜா எங்கே போயிருந்தார்?

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஒன்பது பேர். எடை பார்க்கும் மிஷின் ரிப்பேர். எடைக் கட்டத்தில் ஒன்பது கோடு. உடல்வாகு என்ற கட்டத்தில் மட்டும் ஆளுக்கொரு சொல், எல்லாம் ஒல்லி என்பதற்கு. ஸ்லிம், ஸ்லெண்டர், லீன், தின், ஸ்லைட், ஸ்பேர், டெலிகேட், வயரி, ஸ்வெல்ட். மேலிருந்து கீழே படித்தால் அழகிப் போட்டி முடிவு மாதிரி இருக்கிறது.

ஸ்லிம் என்பது பாராட்டு. கல்யாண விளம்பரத்தில் வரும். ஸ்லெண்டர், விரலுக்கும் பூங்கொம்புக்கும் பொருந்தும். லீன், ஓட்டக்காரனுக்கு. ஸ்வெல்ட், பட்டணத்துச் சீமாட்டிக்கு. தின் ஒன்றுதான் நேர்மையான சொல். அதுவும் காகிதத்துக்கும் ரசத்துக்கும்கூடச் சொல்வது. கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போனால் காண்ட். பட்டினியில் உருகினால் இமேஷியேட்டட். கடைசி இரண்டும் பதிவேட்டில் இல்லை. பேச்சியம்மாள் பெயருக்கு நேரே டெலிகேட், பூப்போல மென்மையானவளாம்.

9, புதன்

பஸ்ஸில் கண்டக்டர்: "அண்ணே, ஒங்க ஒடம்புக்கு அரை சீட்டு போதும். அந்தம்மாவுக்கு எடம் விடுங்க." பஸ் முழுக்கச் சிரிப்பு. நகர்ந்து உட்கார்ந்தேன்.

மதியம் விடுதிக்குப் போய்க் காப்பாளர் கமலாவைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் மாணவி. பதிவேட்டை எழுதியது அவள்தான்.

"நல்லா வந்திருக்கா சார்? ஒரே வார்த்தை ரெண்டாந்தடவ வந்தா மார்க்க கொறச்சிருவீகள்ல. டிக்‌ஷனரியப் பொரட்டிப் பொரட்டித் தேடுனேன்."

என்னால் கோபப்பட முடியவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒன்பது பேருக்கும் ஒரே சொல் இருந்திருந்தால் அலுவலகத்தில் தூங்குகிறவன்கூட நிமிர்ந்து பார்த்திருப்பான். ஆளுக்கொன்றாக இருப்பதால் ஒன்றும் தெரியவில்லை.

"நெசமா எப்படி இருக்காக?"

எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாக, "எலும்பும் தோலுமா இருக்காக சார்."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"அரிசி வருது சார். சாயங்காலம் த.ஆ. மச்சான் வண்டி வருது, மூட்டை போகுது. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு. இதுக்கு மேல கேக்காதீக."

10, வியாழன்

த.ஆ.விடம் நேரிலேயே கேட்டேன். வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் கமலா மாட்டுவாள். பெண்களுக்குச் சாப்பாடு போதவில்லை, மிஷினைச் சரிசெய்து எடை பாருங்கள் என்றேன்.

"ஒல்லியா இருக்கிறது குத்தமா சார்? நீங்களுந்தான் ஒல்லி. ஒங்களுக்கு யாரு சோறு போடல?" கிளார்க் சிரித்தார். த.ஆ. குரலைத் தாழ்த்தினார். "எம்மேல ஒங்களுக்கு வருத்தம்னு ஊருக்கே தெரியும். நீங்க என்ன சொன்னாலும் அதுலதான் கொண்டுபோய்ச் சேப்பாக. பாத்துக்கங்க."

உண்மைதான். இவர் மாட்டினால் எனக்குச் சந்தோஷம். இந்த நோட்டில் எதற்குப் பொய்?

பதிவேட்டில் திருத்தம் எதுவும் செய்யாமல் திருப்பிக் கொடுத்தேன். நான் திருத்தினால் இன்னும் நல்ல ஆங்கிலத்தில் போகும். அவ்வளவுதான்.

11, வெள்ளி

காற்று இல்லை. புழுக்கம்.

பேச்சியம்மாள் வகுப்புக்கு வரவில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டதாம், பட்டினி முற்றினால் வரும் வீக்கம். "மத்த எடமெல்லாம் குச்சி சார், காலு மட்டும் தூணு" என்றாள் அதே பக்கத்துப் பெண். இன்று யாரும் சிரிக்கவில்லை.

மதியம் கலெக்டருக்கு எழுதினேன். தமிழில். ஒன்பது பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் பட்டினி, பட்டினி என்று ஒரே சொல். அரிசி போகும் நேரம், நேற்றுச் சாயங்காலம் வாசலில் நின்று நானே பார்த்த வண்டியின் நிறம். அறிவிக்காமல் வாருங்கள், தராசோடு வாருங்கள். கமலா பெயர் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கீழே என் கையெழுத்து, பட்டம், பதவி எல்லாம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மொட்டைக் கடிதம் போடுகிறவனை மனிதனாகவே மதித்ததில்லை நான்.

பிறகு, விசாரிக்க வரும் அதிகாரியை நினைத்துப் பார்த்தேன். யார் எழுதியது? பதவி கிடைக்காதவர். ஓகோ, அப்படியா. காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அடுப்படிக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

கிழித்தேன். இடது கையால் மறுபடி எழுதினேன். எழுத்து கோணல், படிக்க முடிகிறது. கீழே பெயர் இல்லை. இப்போதே போய் ஸ்டேஷன் தபால் பெட்டியில் போடப்போகிறேன்.