என் கட்டிலருகே ஒரு நாற்காலி

மார்ச் 4

அன்புள்ள கொட்டாவிக்கு,

நைட் டியூட்டியில் நின்றுகொண்டே தூங்கும் உன் திறமை இன்னும் குறையவில்லை என்று நம்புகிறேன். இடுப்பெலும்பில் எனக்குப் போட்ட திருகாணி நகர்ந்துவிட்டதாம். மறுபடி ஆபரேஷன் என்கிறார் டாக்டர். நான் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை. பதினைந்தாம் தேதி வீட்டுக்குப் போகப்போகிறேன். நடக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

கவனிப்பில் குறையொன்றும் இல்லை. மருந்து நேரத்துக்கு வருகிறது, விரிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. இங்குள்ள நர்ஸுகள் எல்லாம் நான் பாடம் எடுத்த பிள்ளைகள். அதுதான் வினை. என் கட்டில் பக்கம் வந்தாலே விறைத்துப்போய், "தப்பா இருந்தா சொல்லுங்க மேடம்" என்கிறார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதை பேசுகிறார்கள். என் நாற்காலியில் மருந்துத் தட்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

வலி தணிவது, மனம் அமைதியாவது, தாங்கும் தெம்பு வருவது என்று நோயாளியின் சௌகரியத்தை மூன்றாகப் பிரித்து எத்தனை வருடம் போர்டில் எழுதிப்போட்டேன்! எனக்குக் கிடைப்பது முதலாவது மட்டும். அதுவும் அரைகுறை.

கோபத்துடன்,
உன் கறார்

மார்ச் 7

என் கறாருக்கு,

நடக்காவிட்டால் பரவாயில்லையா? மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவள் பேசுகிற பேச்சா இது?

கோபிக்காமல் சொல். அந்தப் பிள்ளைகளிடம் ஒரு தடவையாவது "வலிக்குது" என்று வாய்விட்டுச் சொன்னாயா? வலிக்கு "பத்துக்கு நாலு" என்று மார்க் போட்டிருப்பாய். எனக்குத் தெரியாதா? நாம் படித்த காலத்தில் ஹாஸ்டலில் காய்ச்சலோடு கிடந்தபோதும், தெர்மாமீட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று என்னைத் திருத்தியவள்தானே நீ. அவர்கள் கண்ணுக்கு உன் கட்டிலில் நோயாளி தெரியவில்லை, பரீட்சை வைக்கிற டீச்சர்தான் தெரிகிறார்.

என் வார்டில் ஆள் பற்றாக்குறை. ஆனாலும் லீவு கேட்டிருக்கிறேன். எனக்காகக் கொஞ்சம் பொறு.

உன் கொட்டாவி

மார்ச் 12

அன்புள்ள கொட்டாவிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழுக்க உன்னைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் என்னைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு பிள்ளை வந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சு, சதா சிரிப்பு. தலையணையைச் செருகிவிட்டு, "சரியா இருக்கா மேடம்?" என்றாள். பாடத்தில் உள்ளபடி அப்படியே இருந்தது. என் வாயில் வந்ததோ, "பயமா இருக்கும்மா."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு மருந்துத் தட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். தரையில்! பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் உங்களப் பாத்தா பயம்தான் மேடம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். அவள் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருபதாம் தேதி ஆபரேஷன். தெம்பு வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் இருக்கிறது, கூட ஆளும் இருக்கிறது.

முடிந்தால் வா. வந்து என் சார்ட்டைப் புரட்டாதே. சும்மா உட்கார். கொட்டாவி விட்டாலும் சரி.

உன் கறார்

மார்ச் 16

என் கறாருக்கு,

லீவு கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்பேன். அந்தப் பிள்ளையிடம் இன்னொரு நாற்காலி கேட்டு வை. அவள் இடத்தில் நான் உட்கார மாட்டேன்.

உன் கொட்டாவி