நீ ஒரு பாக்கில் தோற்ற தேர்தல்

இன்று காலை ரங்கூன் லான்மடாவ் சந்தையில் நூறு கொட்டைப்பாக்கு வாங்கினேன். கடைக்காரி சாக்கின் வாயை அவிழ்த்ததும் அந்தத் துவர்ப்பு வாசனை எழுந்தது. கூடவே உன் சிரிப்பும் காதில் கேட்டது. "வீட்டில் கல்யாணமா?" என்று அவள் பர்மியில் கேட்டாள். "கல்யாணம் இல்லை, தேர்தல்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எண்ணிக்கைக்கு மேலே இன்னும் நாலைந்து பாக்கை அள்ளிப் போட்டாள். பைத்தியத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்போம் என்று நினைத்தாளோ என்னவோ.

வருகிற ஞாயிறு நம் பள்ளிக்கூடத்தின் வருடாந்தரக் கூட்டம், நண்பா. நீ இல்லாமல் நடக்கும் முதல் கூட்டம். பையை என் குடைக்கடையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கை குடைக்கம்பியை எடுக்கவில்லை, பேனாவை எடுத்துவிட்டது.

பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து ஆண்டு ஆகியிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தை நடத்தும் சபையில் ஓரிடம் காலியானது. அந்த ஆண்டு பட்ஜெட்டில் பெரிய செலவு ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. கூரையை மாற்ற வேண்டும் என்றேன் நான். யுத்த காலத்தில் தகரம் கிடைக்காமல் ஒட்டுப்போட்டே ஓட்டிய கூரை. மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்துக்கொண்டு அறைக்குள் ஊர்வலம் போவார்கள். நீயோ, பர்மிய எழுத்துச் சொல்லித்தர ஒரு வாத்தியார் வேண்டும் என்றாய். இரண்டுக்கும் ஆதரவு இருந்தது. இரண்டில் எதற்குச் செலவு என்பதைச் சந்தாதாரர்களே தீர்மானிக்கட்டும், அதற்காக நாம் இருவரும் தேர்தலில் நிற்க வேண்டும், ஜெயிப்பவர் சொல்வது பட்ஜெட்டில் ஏறும் என்று சபைத் தலைவர் சொல்லிவிட்டார். அரிசி ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அல்லவா, எதையும் விதிப்படி செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பதினேழு வயதில் ஒரே கப்பலின் மேல்தட்டில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு ரங்கூனுக்கு வந்தவர்கள் நாம். நீ துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய், பாரந்தூக்கி ஓட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி ஆனாய். நான் பபேடான் வட்டாரத்தில் மாமாவின் குடைக்கடையில் உட்கார்ந்து, பிறகு அந்தக் கடைக்கே சொந்தக்காரன் ஆனேன். நமக்குள் போட்டி என்று தெருவில் தெரிந்ததும் வேடிக்கை பார்க்க எல்லாரும் தயாரானார்கள். அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஓட்டுக் கேட்க நாம் இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். தனித்தனியாகப் போனால் ஒரே வீட்டுக்காரர் இரண்டு தடவை தேநீர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது உன் நியாயம்.

நீ எனக்காகப் பேசியதுதான் எனக்குத் தலைவலி. துறைமுகக் கூலிகள் குடியிருக்கும் லயன்களில் உன் ஆட்களிடமே நின்று சொன்னாய்:

"மரைக்காயரு குடைக்கடைக்காரு. கூரை ஒழுகினா அவருக்குத்தான் லாபம். அப்படியிருந்தும் கூரை வேணும்ங்கிறாருன்னா எவ்வளவு நல்ல மனுசன்னு பாத்துக்குங்க."

அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உன் காதருகே, "மேஸ்திரி, நீ எனக்கு ஓட்டுக் கேக்குறியா, உனக்குக் கேக்குறியா?" என்றேன்.

"உள்ளதைத்தானே சொன்னேன்" என்றாய்.

கூட்டத்தன்று பள்ளிக்கூடம் நிரம்பி வழிந்தது. நம் சந்தாதாரர்களில் பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால், ஓட்டுச் சீட்டுக்குப் பதில் ஆளுக்கொரு கொட்டைப்பாக்கு என்று தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். திரைக்குப் பின்னால் இரண்டு மண்பானைகள். ஒன்றில் சுண்ணாம்பால் குடை வரைந்திருந்தது, அது எனக்கு. மற்றதில் பாரந்தூக்கியின் கொக்கி, அது உனக்கு.

ஓட்டுக்கு முன்னால் ஆளுக்குக் கொஞ்சம் பேசலாம் என்றார்கள். நான் கூரையில் உள்ள ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் காட்டிப் பேசினேன். அதற்கே நல்ல கைதட்டல். பிறகு நீ எழுந்தாய். அன்று நீ வேடிக்கையாகப் பேசவில்லை.

"போன மழைக்கு என் மகளுக்குக் காய்ச்சல் வந்து கண்ணு சொருகிருச்சு. பின் தெருவுல பர்மாக்கார வைத்தியர் ஒருத்தர் இருக்காருன்னாங்க. ஓடினேன். அடைமழை, கேக்க ஆளில்ல. அந்தத் தெருவுல மூணு தடவ நடந்தேன். மூணு தடவையும் அவரு வீட்டுப் பலகையத் தாண்டித்தான் போயிருக்கேன். கடைசில ஒரு அம்மா கதவத் தெறந்து கை காட்டுனாங்க. புள்ள பொழச்சுக்கிட்டா. ஆனா இருபது வருசமா இந்த ஊர்ல சோறு திங்கிறேன். பேசச்சொன்னா நாள் பூராப் பேசுவேன். ஒரு பலகையப் படிக்கத் தெரியல. நம்ம புள்ளைங்களும் அப்படி நடக்கக்கூடாது."

இதை நீ என்னிடம் அதுவரை சொன்னதே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாய். நான் என் இடத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த பாக்கை உருட்டிக்கொண்டே இருந்தேன். அதை எந்தப் பானையில் போட்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. உன் பானையில் போட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். குடைப் பானையில்தான் போட்டேன். என் கையைத் திரைக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை, அல்லாஹ்வைத் தவிர. இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன்.

எண்பத்து மூன்று பேருக்குப் பாக்குக் கொடுத்திருந்தது. எண்ணியபோது குடைக்கு நாற்பத்தொன்று, கொக்கிக்கு நாற்பத்தொன்று. ஒன்றைக் காணோம். தலைவர் பானைகளைக் கவிழ்த்துத் தட்டினார். திரையை உதறினார். கடைசி வரிசையில் குதிரைவண்டி ஓட்டும் மாயாண்டிக் கிழவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, தாடையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மாயாண்டி, வாயில என்ன?" என்றார் தலைவர்.

"பாக்குங்க."

"எந்தப் பாக்கு?"

"நீங்க குடுத்ததுதான் சாமி. உள்ள போறப்போ கைல இருந்துச்சு. வெளிய வந்தப்புறம்தான் தெரிஞ்சுது வாயில இருக்குன்னு."

கூரை ஒழுகாமலே அன்று பலர் கண்ணில் தண்ணீர் வந்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. கொடுத்த பாக்கு கொடுத்ததுதான், மறு பாக்குக்கு விதியில்லை, சமமாக வந்தால் தலைவர் தீர்மானிக்கலாம் என்று விதி இருக்கிறது என்றார். அவர் பர்மிய வாத்தியார் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். மாயாண்டியின் பேரன் மூன்றாம் வகுப்பில் சரியாக ஓட்டைக்குக் கீழே உட்காருகிறவன் என்பதும் ஊருக்குத் தெரியும். தலைவர் வாயைத் திறந்தால் நீ ஜெயித்தாய். கிழவருக்கு இன்னொரு பாக்குக் கொடுத்தால் நான் ஜெயித்தேன்.

நான் எழுந்து கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்காகக் கேட்பதுபோல் ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீதான் எழுந்தாய்.

"ஐயா, அவரு பழக்கத்துல வாயில போட்டுட்டாரு. அதுக்காக அவரு ஓட்டு இல்லாம போயிருமா? இன்னொரு பாக்குக் குடுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார். "மேஸ்திரி, யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"யோசிச்சா பேச மாட்டேங்க. அதான் சட்டுனு சொல்லிட்டேன்."

கிழவர் வாயிலிருந்ததை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். புதுப் பாக்கை இரண்டு விரலால் எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். பானைக்குள் அது விழுந்த சத்தம் கேட்டது. குடைக்கு நாற்பத்திரண்டு. எனக்கு மாலை போட்டவர்களில் முதல் ஆள் நீ. அந்த மாலை என் கழுத்தில் அரித்தது இன்னும் நினைவிருக்கிறது. பூவின் குற்றம் இல்லை அது.

மறுநாள் காலை நான் கடைக் கதவைத் திறக்கும்போது நீ வாசலில் நின்றாய். சண்டைக்கு வந்திருக்கிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கூரைக் கணக்கைக் கொண்டா" என்றாய். கொடுத்தேன். விரலை வைத்து, "இது தகரம். இது என்ன?" என்றாய்.

"ஏத்துக்கூலி, ஆணி அடிக்கிற கூலி."

"இத அடிச்சுரு. என் ஆளுங்க மூணு ஞாயித்துக்கிழமைல ஏத்திருவாங்க. இந்தக் கூலில வாத்தியாருக்கு ஆறு மாசச் சம்பளம் வரும்."

நான் திகைத்துப்போய், "இத போன வாரமே சொல்லியிருந்தா தேர்தலே வேண்டாமேப்பா" என்றேன்.

"போன வாரம் தோணலியே. நேத்து வீட்டுக்குப் போய்த் தோத்துட்டேன்னு சொன்னேன். அதுக்கு வீட்டுக்காரி, 'கப்பல்ல அவ்வளவு பாரத்தத் தூக்குறீங்க, நாலு தகரத்தத் தூக்க மாட்டீங்களா'ன்னா."

அந்த மூன்று ஞாயிறுகளைப்போல் நான் என்றைக்கும் சிரித்ததில்லை. கயிறும் உயரமும் உன் ஆட்களுக்குப் பழக்கம். தகரத்தைக் கட்டி இழுக்கும்போது அவர்கள் தமிழும் தெலுங்கும் பர்மியும் கலந்து கூவிய கூவலில் பக்கத்து வீடுகளின் சன்னல்கள் எல்லாம் திறந்தன. எதிர்வீட்டு பர்மியப் பெண் ஒருத்தி ஒரு அண்டா நிறைய மொகிங்கா கொண்டுவந்து வைத்தாள். மீன்குழம்பில் மிதந்த அந்த இடியாப்ப இழைகளை உன் ஆட்கள் உறிஞ்சிக் குடித்த சத்தம் சுத்தியல் சத்தத்தைவிடப் பெரிது. சபையில் ஜெயித்த நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஏறச் சொன்னாய். நாலாவது படியிலேயே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "இறங்கு, இறங்கு, உன்னத் தூக்க பாரந்தூக்கி வேணும்" என்றாய்.

முதல் மழை வந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் புதுத் தகரத்தில் மழை விழுந்த இரைச்சலில் வாத்தியார் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பிள்ளைகள் காதில் விழவில்லை. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஒழுகுறப்பவாவது பாடம் கேட்டுச்சு மரைக்காயரே" என்றாய் என் காதில் கத்தி. கப்பலில் மூட்டைக்கு அடியில் போடுகிற பழைய பாய்களைக் கொண்டுவந்து உட்புறம் கட்டிய பிறகுதான் அந்த இரைச்சல் அடங்கியது.

பர்மிய எழுத்துக்கு மா தின் என்ற பெண் வந்தாள். பிள்ளைகள் அவளைப் பர்மிய வழக்கப்படி சயாமா என்றார்கள், டீச்சர் என்று பொருள். ஞாயிறு வகுப்பில் கடைசி பெஞ்சில், முழங்கால் மேசைக்குள் நுழையாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, நீயும் வட்டம் வட்டமாக எழுதினாய். உன் மகள் உன் சிலேட்டைத் திருத்துவாள். ஆறு மாதம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம் என்னைக் கடையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போனாய். எங்கே என்று சொல்லவில்லை. பின் தெருவில் ஒரு மர வீட்டின் முன் நின்று, பலகையில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாய். வைத்தியரின் பெயர். அதன் கீழே, "எந்நேரமும் கதவைத் தட்டலாம்."

"எந்நேரமும்னு போட்டிருக்கு" என்றாய். திரும்பும் வழி முழுக்க மற்ற பலகைகளையெல்லாம் படித்துக்கொண்டே வந்தாய். சாயாக்கடை, முடிதிருத்தகம், நாய் ஜாக்கிரதை. வீடு வந்து சேர இருட்டிவிட்டது.

அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் சயாமாவின் சம்பளத்தை நிரந்தரமாக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். ஒருவரும் எதிர்க்கவில்லை. கைதூக்கினாலே போதும் என்று தலைவர் சொன்னதால் அன்று பாக்கு மிச்சம். மாயாண்டி அதையும் வீட்டுக்குக் கேட்டு வாங்கிப்போனார்.

போன கோடையில் மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அந்த வைத்தியரைத்தான் கூட்டி வந்தோம். உன் மகளே ஓடிப்போய் அழைத்து வந்தாள். அவரால் முடிந்ததைச் செய்தார். அந்த நாட்களைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை, எழுதினாலும் உனக்குப் பிடிக்காது.

உனக்குப் பிடிக்கிற செய்தியைச் சொல்கிறேன். இந்த முறை என் இடத்துக்கே தேர்தல். எனக்கு எதிராக நிற்பது யார் தெரியுமா? உன் மனைவி. சந்தா இப்போது அவள் பெயரில்தான் வருகிறது. பெண்கள் நிற்கலாமா என்று தலைவர் விதிப்புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினார், கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை அவர் சொல்ல மாட்டார். முந்தாநாள் அவள் கடைக்கே வந்தாள்.

"அண்ணே, ஒங்கள எதுத்து நிக்கிறேன். கோவிச்சுக்காதீங்க."

"எதுக்கும்மா நிக்கிறே?"

"நீங்க சுத்துச்சுவர் கட்டணும்னு சொல்றீங்க. பொம்பளப் புள்ளைங்களுக்கு அங்க ஒதுங்க ஒரு மறைவு இல்ல. பெரியவளானதும் நின்னுடுதுங்க. ஒங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

தெரியாது. இத்தனை ஆண்டு சபையில் இருந்தும் தெரியாது. ஆனாலும் பின்வாங்கவில்லை, சுவரும் தேவைதான் என்று அவளிடம் வாதாடினேன். அவளும் விடவில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை நடந்தது. உன்னைவிட நன்றாகப் பேசுகிறாள்.

நான் தோற்பேன் என்றுதான் நினைக்கிறேன், நண்பா. ஜெயித்தாலும் தோற்றாலும் சரி, மறுநாள் காலையில் மற்றவர் வாசலில் போய் நின்று கணக்கைக் காட்டச் சொல்ல வேண்டும் என்பது எனக்குள் ஊறிப்போய்விட்டது. அது உன்னிடமிருந்து வந்தது. திங்கட்கிழமை காலை கடையைக் கொஞ்சம் தாமதமாகத் திறப்பேன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.