வெள்ளிக்கிழமைக் கிண்ணங்கள்

அக்கா,

போன சனிக்கிழமை மரத்தூள் டிரம்மிலிருந்து எடுத்து, தண்ணீரில் முக்கி, கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு டம்ளரில் ஐந்து கறுப்புத் தடங்களைப் பார்த்தேன். வெளிப்பக்கம் நான்கு, விளிம்புக்கு உள்ளே ஒன்று. அந்த ஐந்து இடங்களில் மட்டும் வெள்ளைக் கிளேஸ் பூச்சு சுருங்கி ஒதுங்கியிருந்தது. கிளேஸ் மூடாத மண்ணில் புகை ஏறி அடுப்புக்கரி போல ஆகியிருந்தது. மேடம் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, மறுபடியும் இடுக்கித் தழும்பு என்றார். ஆனால் இடுக்கிக்கு இரண்டு வாய்தான், அக்கா. ஐந்து இல்லை.

மேடம் உள்ளே போனதும் டம்ளரைக் கையில் பிடித்துப் பார்த்தேன். நான்கு விரல்களும் கட்டைவிரலும் அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நீங்கள் இருந்தபோது உங்களோடு பேசியது குறைவு. உங்களைக் கண்காணித்ததுதான் அதிகம். அதை உங்களிடம் சொல்லவே இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

ரிங் ரோட்டைத் தாண்டி மேடத்தின் கொட்டகைக்கு நான் வேலைக்கு வந்தபோது நீங்கள் அங்கே இரண்டு வருடமாக இருந்தீர்கள். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். பாடம் வராமல் இல்லை. எழுந்து நிற்கச் சொன்னால் குரல் வராது. மண் வேலையில் யாரும் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்வதில்லை. அதனாலேயே அந்த இடம் எனக்குப் பிடித்தது. சில மாதம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் நாளே நீங்கள் என் ஊரை விசாரித்தீர்கள். அப்பாவுக்கு மார்டள்ளி என்றேன்.

"அப்ப நம்ம பக்கந்தான். நான் கொள்ளேகால்காரி, புள்ள. சொன்ன பேச்சு கேக்கலீன்னா மந்திரம் போட்டுருவேன், பாத்துக்க."

மைசூரில் கொள்ளேகால் என்றாலே மாய மந்திரம் என்று கேலி செய்வார்கள். யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்களே அதைச் சொல்லிச் சிரித்துவிடுவீர்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் சிரிக்கவில்லை. எதற்கும் நீங்கள் கொடுப்பதை வாங்கித் தின்னாதே என்றாள்.

ராக்கு வேலை எனக்கு முதலில் பயமாக இருந்தது. மற்றப் பாண்டங்கள் சூளைக்குள்ளேயே ஒரு நாள் முழுக்க ஆறும். இது அப்படியில்லை. கிளேஸ் உருகி ஈரம் போல மின்னும்போதே, செக்கச் சிவந்திருக்கும் கிண்ணத்தை நீள இடுக்கியால் பிடித்து எடுத்து மரத்தூள் டிரம்மில் வைக்க வேண்டும். குப்பென்று தீப்பிடிக்கும். மூடியைப் போட்டு அமுக்கினால் உள்ளே புகை அடங்கி, கிளேஸில் விழுந்த வெடிப்புகளில் எல்லாம் கறுப்புக் கோடாக ஏறும். கேஸ் பர்னரை மேடம் பார்த்துக்கொள்வார். கிளேஸில் முக்குவதும் இடுக்கி பிடிப்பதும் நீங்கள். முதல் சூளையில் சுட்டு எடுத்த வெறும் கிண்ணங்களைத் தூசி தட்டி, கிளேஸ் மேசையில் அடுக்கி வைப்பது நான். ஒவ்வொரு கிண்ணத்தையும் முதலில் தொட்டவள் நான்தான். அது ஒரு வேலையாகவே யாருடைய கண்ணிலும் படவில்லை.

புதன்கிழமை கிளேஸ் போட்டு வியாழக்கிழமை சுடுவோம். வெள்ளிக்கிழமை போட்டு சனிக்கிழமை சுடுவோம். வியாழக்கிழமைக் கிண்ணங்கள் நன்றாக வந்தன. சனிக்கிழமைக் கிண்ணங்களில் திட்டுத் திட்டாகக் கிளேஸ் ஒதுங்கிக் கறுப்பு தெரிந்தது. மேடம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கிளேஸ் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் சேர்த்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. தூசி என்றார், நான் தூரிகையால் இன்னும் இரண்டு தடவை தட்டினேன். சல்லடையை மாற்றினோம். கிளேஸ் போட்ட கிண்ணங்களைக் கூடுதலாக வெயிலில் காயவைத்தோம். மரத்தூள் ஈரம் என்று மரக்கடையையே மாற்றினார். எதுவும் பலிக்கவில்லை. அதே மண், அதே கிளேஸ் வாளி, அதே பர்னர். சனிக்கிழமைக்கு என்று தனியாக இருந்தது ஒன்றுதான்: அன்று மத்தியானம் நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்க்கக் கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பஸ் அவசரத்தில் கிளேஸ் உருகும் முன்பே எடுத்துவிடுகிறாய், இடுக்கியை அழுத்திப் பிடிக்கிறாய் என்று மேடம் சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸை விட்டாலும் விடுவேன், கிண்ணத்தை அவசரமாக எடுக்கமாட்டேன் என்று நீங்கள் கன்னடத்தில் பதில் சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் வழக்கமான கிண்டல் இல்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, ஓட்டல் ஒன்றுக்காகச் செய்த கிண்ணங்கள் பாதிக்கு மேல் கெட்டன. இன்னொரு தடவை இப்படி ஆனால் உங்கள் இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று மேடம் சொன்னார். ஒருவர் என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். வீட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களெல்லாம் ஏன் படிக்கவில்லை என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. அன்றிலிருந்து உங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை என்னைக் கிளேஸ் சலிக்கச் சொன்னீர்கள். கிண்ணங்களை நீங்களே எடுத்து அடுக்கிக்கொள்வதாகச் சொன்னீர்கள். எதற்காக என்னைக் கிண்ணங்களிடமிருந்து விலக்குகிறீர்கள் என்று யோசித்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு முன்பே வந்து எல்லாவற்றையும் நானே அடுக்கிவைத்தேன். மேடம் ஏதாவது கேட்டால் என் கை தானாகச் சடை நுனிக்குப் போய்விடும். அதைப் பார்த்தாலே உங்களுக்குக் கோபம் வரும்.

"அந்தச் சடைய உட்டுத் தொலை, புள்ள. நாளையிலிருந்து கொண்டை போட்டுட்டு வா. கெழவி மாதிரி இருந்தாலும் பரவால்ல."

என்னைக் கேலி செய்கிறீர்கள் என்று நினைத்தேன். கொண்டை போடவில்லை.

அதற்குப் பிறகுதான் அதைப் பார்த்தேன். குழாயடிக்குப் போய்த் திரும்பி வந்தபோது நீங்கள் மேசையருகே தனியாக நின்றிருந்தீர்கள். ஒரு குவளைத் தண்ணீரில் விரலை முக்கி, ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டிருந்தீர்கள். சொட்டு விழுந்ததும் குனிந்து பார்த்தீர்கள். உங்கள் உதடுகள் அசைந்தன. அம்மா சொன்னது சரி என்று நினைத்தேன். சொட்டு விட்ட கிண்ணங்களில் சிலவற்றைப் பொறுக்கி, துண்டால் மூடி எடுத்துக்கொண்டு போய், முதல் சூடு கொடுக்கும் கரண்ட் சூளையில், இன்னும் சுடாத பச்சைப் பாண்டங்களுக்குப் பின்னால் மறைத்து வைத்தீர்கள். சுட்ட கிண்ணத்தை எதற்கு மறுபடி சுட வேண்டும்? முதல் சூளையில் சூடு அதிகமானால் மண் இறுகிவிடும், கிளேஸை உறிஞ்சாது, வழிந்துவிடும் என்று மேடம் ஒருநாள் சொல்லியிருந்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது.

என் வாழ்க்கையில் நானாகப் போய் ஒருவரிடம் பேசியது அன்றுதான். மந்திரத்தைச் சொன்னால் மேடம் சிரிப்பார் என்று தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு, சூளையை மட்டும் சொன்னேன்.

மேடம் உங்களைக் கூப்பிட்டார். சூளையைத் திறந்து கிண்ணங்களைக் காட்டி, "நிஜ ஹேளு" என்றார், உண்மையைச் சொல் என்று. நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். அந்தப் பார்வையை மிரட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஈரமாக இருந்தன, காயட்டும் என்று வைத்தேன் என்று மேடத்திடம் சொன்னீர்கள். யாராவது சூளையில் காயவைப்பார்களா என்று மேடம் கேட்டார். நீங்கள் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்றார். நீங்கள் ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு அன்றே பஸ்ஸுக்குப் போனீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான். அதை மறைத்து எழுத முடியவில்லை.

உடனே மழை பிடித்துக்கொண்டது. மரத்தூள் நனைந்தது. ராக்குச் சூளையை மூடிவிட்டு, மழை முடியும் வரை பூந்தொட்டிகள் மட்டும் செய்தோம். அதனால் நீங்கள் போனபின் கெடுகிறதா இல்லையா என்று தெரிய வழியில்லை. அந்த மழையிலேயே உங்கள் செய்தி வந்தது. காய்ச்சல், நான்கே நாளில் போய்விட்டீர்கள் என்றார்கள்.

உங்கள் தங்கை வந்திருந்தார். ஏப்ரனையும் உங்கள் டிபன் டப்பாவையும் எடுத்துப்போக. மேடம் டீ கொடுத்து உட்காரவைத்தார். உங்களுக்கு நல்ல கை என்றும், கடைசியில் மட்டும் என்ன நினைத்தோ பொருளைக் கெடுத்துவிட்டீர்கள் என்றும் மெதுவாகத்தான் சொன்னார். தங்கை டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நீயுந்தான கூட இருந்த. நீயே சொல்லு. என்ற அக்கா கெடுக்கறவளா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார்.

இப்போது மழை விட்டு, மறுபடி ராக்கு ஆரம்பித்திருக்கிறோம். இடுக்கியை மேடமே பிடிக்கிறார். அவருக்குப் பிடிக்க பஸ் எதுவும் இல்லை. கிண்ணங்களுக்குப் பதிலாகச் சின்ன டம்ளர்கள். கிண்ணங்களை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித் தூக்குவேன். அதனால் தடம் வெறும் திட்டாக இருந்தது. டம்ளரை விரலால்தான் பிடிக்க முடியும்.

கை என்னுடையது என்று தெரிந்த பிறகும் என் மேல் சந்தேகம் வரவில்லை, அக்கா. வியாழக்கிழமை டம்ளர்களையும் இதே கைதானே தொட்டது, அவை சுத்தமாக இருக்கின்றனவே என்று எனக்கு நானே வாதாடினேன். ஒரு வாரமாகக் குழாய்த் தண்ணீரைச் சந்தேகித்தேன். புதுத் தூரிகையைச் சந்தேகித்தேன். மேடம் கையில் பூசும் கிரீமைக்கூட மோந்து பார்த்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. ஹாஸ்டல் சமையலறையில் அம்மாவுக்கு வார விடுமுறை இன்றுதான். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் என் தலை அம்மாவின் கையில். நெற்றியில் வழியும் அளவுக்குத் தேங்காயெண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னிவிடுவாள். மற்ற நாட்களில் நானே வெறும் சீப்பால் வாரிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். காலையில் மேடம் வாசலில் நின்று எத்தனை டம்ளர் தயார் என்று கேட்டார். பதில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த டம்ளரை எடுக்கப் போனபோது என் விரல்கள் பளபளவென்று இருப்பதைப் பார்த்தேன்.

ஒரு டம்ளரை அந்தக் கையால் அழுத்திப் பிடித்துக் கீழே வைத்தேன். விரலைத் தண்ணீரில் முக்கி ஒரு சொட்டு விட்டேன். வேறு இடத்தில் விழுந்த சொட்டை மண் விழுந்தவுடனே குடித்துவிட்டது. நான் பிடித்த இடத்தில் விழுந்தது, சேப்பங்கிழங்கு இலைமேல் நிற்பது போல உருண்டையாக நின்றது. தண்ணீரில் கரைத்த கிளேஸும் அங்கே அப்படித்தான் ஒட்டாமல் ஒதுங்குகிறது. நீங்கள் குனிந்து பார்த்தது எதை என்று அப்போதுதான் தெரிந்தது. உறிஞ்சிய எண்ணெயைத் தண்ணீரில் கழுவ முடியாது. மறுபடி சூளையில் வைத்து எரிக்கத்தான் வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள்.

யாருடைய எண்ணெய் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மேடத்திடம் சொல்லியிருந்தால் போயிருக்க வேண்டியவள் நான். ஆனால் இதை நீங்கள் சொல்லி நான் கேட்கவில்லை. நானாகக் கூட்டிப் பார்க்கிறேன். இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. ஒருவேளை உங்களுக்கும் வெறும் ஊகம்தானோ என்னவோ. உதடுகள் எதற்கு அசைந்தன என்றும் தெரியாது. எண்ணிக்கொண்டிருந்தீர்களா, என்னைத் திட்டிக்கொண்டிருந்தீர்களா?

கோபமும் வருகிறது. கையில் எண்ணெய் இருக்கிறது, சோப்புப் போட்டுக் கழுவு என்று நேராகச் சொல்லியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். சொன்னால் நான் மறுநாள் வேலைக்கே வரமாட்டேன் என்று நினைத்தீர்களோ. வந்திருக்கமாட்டேன் என்பதும் உண்மைதான். சூளைக்கு முன்னால் நீங்கள் என்னைப் பார்த்த பார்வை என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

டம்ளரை மேடத்திடம் கொண்டுபோனேன். பேச வரவில்லை, சொட்டை விட்டுக் காட்டினேன். என் சடையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே மூன்று தடவை சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். உங்கள் தங்கையின் நம்பர் வேண்டும் என்றேன். தானே பேசிக்கொள்வதாக மேடம் சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நம்பரைப் போட்டு போனை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சத்தம். யாருங்க என்று இரண்டு தடவை கேட்டார். பெயரைச் சொன்னேன். மைசூர்க் கொட்டகை என்றதும் மெஷின் சத்தம் நின்றது.

"அன்னிக்கு வாசல்ல நின்னு கேட்டீங்கல்ல, அக்கா கெடுக்கறவளான்னு" என்றேன். "இல்லைங்க. கெடுத்தது நான்."